பதினொரு மணிக்கு அசர் பாங்கு

இத்தாவில் இருக்கும் பெண்ணின் குரல் அந்நிய ஆணின் காதில் விழவே கூடாது என்று மார்க்கத்தில் கட்டாயம் இல்லை. எங்கள் பள்ளிவாசல் அஜரத்தே என்னிடம் அப்படிச் சொன்னார். எங்கள் வீட்டில் கட்டாயம் உண்டு. அதைக் கட்டாயமாக்கியவன் நான்.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு என் மகன் சிக்கந்தரைத் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் சௌகத் அலி நான். என் ஒரே மகன் போன நோன்பு மாதத்தில் ஒட்டன்சத்திரம் ரோட்டில் பைக்கில் வரும்போது, கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போன லாரியில் அடிபட்டு மவுத்தாகிப் போனான். அவன் மனைவி நர்கீஸ் அப்போது மாசமாக இருந்தாள். குழந்தை பிறக்கும்வரை அவள் இத்தா இருக்க வேண்டும். புருஷனை இழந்தவள் அவன் வீட்டை விட்டுப் போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் ஒதுங்கியிருக்கும் காலம் அது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டியவள் அதனால்தான் எங்கள் வீட்டில் இருக்கிறாள். இப்போது நிறைமாதம்.

பிறந்த பிள்ளையின் வலது காதில் பாங்கு சொல்வது எங்கள் வழக்கம். தகப்பன் சொல்வான். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டும். போன வாரம் நர்கீஸ் என் முன்னால் வந்து நின்று கேட்டது வேறு.

"அவரே சொல்லட்டும் மாமா."

சிக்கந்தர் தன் கம்ப்யூட்டரில் ஐந்து வேளைப் பாங்கையும் தன் குரலிலேயே பதிந்து வைத்திருந்தான். பக்கத்துச் சந்தில் மாவு மில் ஓடினால் பள்ளிவாசல் பாங்கு எங்கள் வீட்டுக்குள் கேட்காது. அவன் அம்மா ரஃபியாவுக்குத் தொழுகை வேளை தவறிப் போகும். அதற்காகச் செய்தான். அந்தந்த வேளைக்கு அது தானாகச் சொல்லும்.

அவனை அடக்கிவிட்டு வந்து நாங்கள் உட்கார்ந்திருந்த அன்றைக்கும் சொன்னது. பொழுது சாய்ந்து மக்ரிப் வந்ததும் உள்ளறையில் அவன் குரல் எழுந்தது. வீடு நிறைய ஆட்கள். ஒருவரும் எழுந்து போய் நிறுத்தவில்லை. பிறகு ஒரு நாள் போன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் கம்ப்யூட்டர்ப் பெட்டி புகைந்து செத்தது.

அன்றிலிருந்து சாயங்காலம் நாலே முக்கால் வாக்கில் அசர் வேளை வந்தால் வீடு காது கொடுத்து நிற்கும். ரஃபியா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவாள். உள்ளறையில் நர்கீஸின் வளையலற்ற கை எதைச் செய்துகொண்டிருந்தாலும் நின்றுவிடும். நானும் மண்டியில் இருந்தால் பேச்சை நிறுத்துவேன். எதற்காக நிறுத்தினோம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. பேய் பிசாசுப் பேச்சு எங்கள் குடும்பத்தில் கிடையாது.

மிஷின் சொல்வது பாங்கு ஆகாது, உயிருள்ள வாய் சொல்ல வேண்டும் என்று அஜரத் சொன்னார். என் எண்ணமும் அதுதான். செத்த பெட்டியிலிருந்து அவன் குரலை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாம், பிள்ளை வளர்ந்த பிறகு கேட்கட்டும், காதில் சொல்வது என் பொறுப்பு என்று நர்கீஸிடம் முடிவாகச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் வீட்டுப் பெண்கள் சம்மதிக்கும்போது தலையைக் குனிவதில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்மல் ஒரு புதுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் தம்பி மகன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன், அதில் குறையில்லை. ஆனால் இத்தா முடிந்ததும் நர்கீஸை அவனுக்கே முடித்துவிடுவார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. என் மகனுக்காக அழுத ஈரம் காயாத வீட்டைப் பற்றி இப்படிப் பேச அவர்களுக்கு நாக்கு எப்படி வந்ததோ. அந்தப் பேச்சுக்கு ஒரு பிடி கூடக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

உள்ளறை வாசலில் திரை கட்டச் சொன்னேன். ரஃபியா ஒரு சுங்குடிச் சேலையைக் கட்டினாள். வெளிச்சத்தில் அந்தப் பக்கம் நிழல் தெரிந்தது. அவிழ்த்துவிட்டு ஜமுக்காளத்தைக் கட்டச் சொன்னேன்.

"அவன் என்ன அந்நியனா? இந்த வீட்டுச் சோத்தத் தின்னு வளந்தவன்" என்றாள் ரஃபியா.

"அதனாலதான்" என்றேன்.

திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்தேன். அக்மலுக்கு விண்டோஸ் தெரியும். சிக்கந்தர் வைத்திருந்தது லினக்ஸ். அது தெரிந்தவள் நர்கீஸ்தான். காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள், அவனோடு உட்கார்ந்து அதில் வேலை செய்தவள். ஆகவே அவள் சொல்ல வேண்டும், அவன் செய்ய வேண்டும். அவள் சொல்வது என்னிடம் வரும். நான் அக்மலிடம் சொல்வேன். இதுதான் ஏற்பாடு.

அந்த லினக்ஸ் பற்றி எனக்கும் சிக்கந்தருக்கும் முன்பே வாக்குவாதம் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அதற்கு முதலாளி என்று ஒருத்தன் கிடையாது என்று பெருமையாகச் சொல்வான். முதலாளி இல்லாத கடை எத்தனை நாள் ஓடும் என்று கேட்டிருக்கிறேன். "ஓடிக்கிட்டுத்தான் இருக்குத்தா" என்று சிரிப்பான்.

அக்மல் பழைய பெட்டியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்கை ஏற்கெனவே தன் கடையில் வைத்துப் புதியதற்குள் முழுசாக நகல் எடுத்திருந்தான். நகல் எடுத்தாயே, அதிலிருந்து பாங்கை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றான். சிக்கந்தர் தன் பகுதியைப் பூட்டி வைத்திருக்கிறான், லினக்ஸ் எழுந்து நின்று, அவன் வைத்த ரகசியச் சொல்லைக் கொடுத்தால்தான் அது திறக்கும் என்றான்.

"அப்ப எழுப்பு."

"அதுக்குத்தான் பெரியத்தா, இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு வைக்கணும். விர்ச்சுவல் மெஷின்பாங்க. கையால தொட முடியாது. அண்ணனோட டிஸ்க்க அதுக்குள்ள வச்சா, நம்ம பழைய பெட்டியிலதான் இருக்கோம்னு நெனச்சுக்கிட்டு அது எந்திரிக்கும்."

"அதுக்குத் தெரியாதா?"

"என்னது பெரியத்தா?"

"பெட்டி போயிருச்சுன்னு."

அக்மல் கொஞ்சம் தயங்கினான். "தெரியாது" என்றான்.

உடம்பு இல்லாமல் தோல் மட்டும் வந்து இறங்குவதை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன். இது எனக்குப் புதிது.

வேலை தொடங்கியது. உள்ளே செய்யும் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு மெமரி கொடுப்பது என்று மதினியிடம் கேட்கச் சொன்னான். திரைப் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"பாதி குடுக்கச் சொல்லுங்க மாமா."

"பாதி" என்றேன்.

"கேட்டுச்சு பெரியத்தா."

"உனக்குக் கேக்கக் கூடாது."

அவன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. நர்கீஸிடம் குரலைத் தணிக்கச் சொன்னேன். அதன் பிறகு அவள் திரை ஓரத்தில் வந்து எனக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னாள். நான் தலையைச் சாய்த்துக் கேட்டு அக்மலிடம் சொன்னேன். இன்டர்நெட் வேண்டாம். சத்தம் வேண்டும். டிஸ்கைப் புதிதாக உண்டாக்கக் கூடாது, இருப்பதையே காட்ட வேண்டும். வாயில் நுழையாத சொற்களையும் அவள் சொன்னபடியே கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒன்றைத் தவிர.

"மாமா, மணிக்குன்னு ஒரு எடம் வரும். அதுல லண்டன் மணின்னு வைக்கச் சொல்லுங்க. உள்ள எந்திரிக்கிறது அதப் பாத்துத் தானா நம்ம மணிக்கு மாத்திக்கிரும். அவரு அப்படித்தான் வச்சிருந்தாரு."

பேகம்பூரில் ஒரு வீட்டுக் கடிகாரத்தை லண்டனுக்கு வைப்பதாவது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே எங்கள் அத்தா நிழலைப் பார்த்து அசர் தொழுதவர். வேளை என்பது எங்கள் தலைக்கு மேல் இருக்கும் சூரியன்.

"மணிய இருக்கிறபடி விடு" என்றேன் அக்மலிடம்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு அசைவு. "மாமா, அது வந்து..." என்று அவள் மறுபடி தொடங்கினாள்.

"போதும்மா. ஆம்பளைங்க பாத்துக்கிறோம்."



அக்மல் ஒரு பொத்தானை அழுத்தினான். கம்ப்யூட்டர் திரையின் நடுவே ஒரு கறுப்புச் சதுரம் திறந்தது. அதில் வெள்ளை எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடத் தொடங்கின. படிக்க முடியாத வேகம். அக்மல், அது தன் கையைக் காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது என்றான். ரஃபியா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். சதுரம் நிறம் மாறியது. உள்ளே எங்கேயோ ஒரு மத்தளம் லேசாகத் தட்டுவதுபோல் ஒலி வந்தது. அவன் காலையில் உட்காரும்போதெல்லாம் இந்த வீட்டில் கேட்ட ஒலி. ரஃபியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சிக்கந்தர் என்ற பெயர் வந்து நின்றது. அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டம், ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னியது. அவன் வைத்த ரகசியச் சொல்லைக் கேட்டு நின்றது.

நர்கீஸ் அந்தச் சொல்லைத் திரை ஓரத்தில் எனக்குச் சொன்னாள். தனியாக இருக்கும்போது அவன் அவளைக் கூப்பிட்ட பெயர் அது. அதை நான் அக்மலிடம் எப்படிச் சொல்வேன்? அவனை வெளிவாசலுக்குப் போகச் சொல்லிவிட்டு, நானே உட்கார்ந்து, அவள் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டினேன். அந்தப் பெயரை இங்கேயும் எழுத மாட்டேன்.

திறந்தது.

சிறுமலையின் மேல் மேகம் கிடக்கும் படம். அவனே எடுத்தது. அதன் மேல் அவன் விட்டுப் போன சின்னச் சின்னப் படங்கள், விட்டுப் போன இடத்திலேயே. வீட்டுக்காரன் செத்த நேரம் வெளியே போயிருக்கிறான், இப்போது வந்துவிடுவான் என்பதுபோல் எல்லாம் இருந்தது. மேல் மூலையில் மணி இருந்தது. நாலே முக்கால் ஆகப் போகிறது என்றது. எங்கள் சுவரில் பதினொன்றே கால்கூட ஆகவில்லை. அது என்ன கணக்கு என்று நான் யோசிப்பதற்குள் அவன் தொண்டையைச் செருமினான்.

"அல்லாஹு அக்பர்."

அவன் குரல். அக்மல் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தான். சன்னல் திறந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை, மாவு மில்லுக்கு விடுமுறை. தெரு முழுதும் நிசப்தமாக இருந்த நேரத்தில் என் மகன் அசருக்குப் பாங்கு சொன்னான்.

ரஃபியா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அக்மல் வெளியிலிருந்து ஓடி வந்து கீபோர்டின் மேல் கையை வைத்தான்.

"ஏலே, நடுவுல வெட்டாத."

"இது பாங்கு இல்லன்னு சொன்னீங்களே பெரியத்தா?"

பாங்கு கேட்டால் அதன் வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். என் உதடுகள் அதைச் செய்துகொண்டிருந்தன. திரைக்குப் பின்னாலும் ஒரு முணுமுணுப்புக் கேட்டது. அவன் ஒன்று சொல்வான், அவள் அதைச் சொல்வாள். அவன் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள், மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கினாள்.

பாங்கு முடிந்தது. முடிந்த பிறகும் அவன் போகவில்லை. நாற்காலி நகரும் ஓசை. பிறகு யாரிடமோ கேட்பதுபோல் சாதாரணமாக ஒரு சொல்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றாள் நர்கீஸ், திரைக்குப் பின்னாலிருந்து.

அப்படியே அடங்கிப் போனது. அறையில் நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அக்மல்தான் முதலில் அசைந்தான். மேல் மூலையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், நெற்றியில் கையை வைத்தான்.

"மணி வைக்கிற எடத்துல மதினி ஒண்ணும் சொல்லலயா பெரியத்தா? வெளி மணிய அது லண்டன் மணின்னு எடுத்துக்கிட்டு, அதுக்கு மேல அஞ்சரை மணி நேரம் கூட்டிருச்சு."

திரை அசையவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என் மருமகள் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

"சொன்னா. நான்தான் சொல்லல" என்றேன்.

வாசலில் ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது.

வேளை கெட்ட வேளையில் ஒரு வீட்டிலிருந்து பாங்கு கேட்டால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளை பிறந்திருக்கிறது. அதுவும் நிறைமாதக்காரி இருக்கும் வீடு. பெண்கள் கிண்ணத்தில் சர்க்கரை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் படியேறவில்லை. வாசலில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஜும்மாவுக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த ஆண்கள் சிலர். கடைக்காரர் ஒருவர் மட்டும், "என்ன பாய், பதினோரு மணிக்கு அசரா?" என்று கேட்க வந்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். குரல் யாருடையது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனை அடக்கிய குழியில் மண் போட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

கதவில் கை வைத்துக்கொண்டு நின்றேன். டேப் ஓடியது, ரேடியோ பாடியது, பிள்ளைகள் விளையாட்டு என்று எதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். மிஷின் கோளாறு என்பது பொய்யும் ஆகாது. ஆனால் சொல்ல நினைத்தபோது, என் மகனை நானே கோளாறு என்று சொல்லித் தெருவிலிருந்து துரத்துவதுபோல் இருந்தது.

எதிர்வீட்டு காதர் பீவி முன்னால் வந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், இந்தத் தெருவில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள்.

"சௌகத்து. யாருப்பா பாங்கு சொன்னது?"

"என் மகன் சொன்னான்" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். ஈரத் தலைகள் எல்லாம் ஒரு முறை அசைந்தன. காதர் பீவி ஆச்சரியப்படவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பப் புள்ள எங்க?"

கதவை விட்டுவிட்டு நின்றேன். அந்த நேரத்தில் உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அழுகை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விடும் ஒரு நீண்ட மூச்சு. இந்த வீட்டில் நான் அதை ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன், சிக்கந்தர் பிறந்த அன்று.

ரஃபியா திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். காதர் பீவி என்னை ஒதுக்கிவிட்டு அவளுக்குப் பின்னால் போனாள். ஜமுக்காளம் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. அக்மல் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நல்ல பையன் என்று சொன்னேன் அல்லவா.

"ஆட்டோ கூப்புடவா பெரியத்தா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"கூப்புடு."

அவன் செருப்பை மாட்டினான்.

"அக்மல்."

"சொல்லுங்க பெரியத்தா."

"அந்தக் கம்ப்யூட்டரையும் ஆட்டோவுல ஏத்து."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஆஸ்பத்திரிக்கா? உள்ள விடுவாங்களா? அஜரத் வேற..."

"ஏத்துன்னு சொன்னேன்."